ஒரே வகையை ஏன் இரண்டு முறை சொல்ல வேண்டும்?

கேள்வி இதுதான். கோ (Go) என்ற நிரல்மொழியில் வேலை செய்யும் ஒருவர், பட்டியலில் உள்ள மிகப்பெரிய உறுப்பைக் கண்டுபிடித்துத் தரும் ஃபங்ஷன் ஒன்றை எல்லா வகைகளுக்கும் (எண், தேதி போன்ற டைப்களுக்கு) பொதுவாக எழுத நினைத்திருக்கிறார். முதலில் அவர் எழுதியது (இடைமுகம் என்பது, ஒரு வகைக்கு என்னென்ன மெத்தட்கள், அதாவது அதற்கே உரிய ஃபங்ஷன்கள், இருக்க வேண்டும் என்ற பட்டியல்):

இடைமுகம் ஒப்பிடத்தக்கது {
    ஒப்பிடு(மற்றது ஒப்பிடத்தக்கது) முழுஎண்
}
ஃபங்ஷன் பெரியது(பட்டியல் []ஒப்பிடத்தக்கது) ஒப்பிடத்தக்கது

அதைப் பார்த்த குழுவின் மூத்தவர் இப்படி மாற்றச் சொல்லியிருக்கிறார் (சதுர அடைப்புக்குள் வரும் ‘வ’ வகை அளவுரு, அதை அடுத்து வருவது அந்த வகை நிறைவேற்ற வேண்டிய கட்டுப்பாடு):

இடைமுகம் ஒப்பிடத்தக்கது[வ எதுவும்] {
    ஒப்பிடு(மற்றது வ) முழுஎண்
}
ஃபங்ஷன் பெரியது[வ ஒப்பிடத்தக்கது[வ]](பட்டியல் []வ) வ

"இரண்டும் ஒரே வேலையைத்தானே செய்கின்றன? ‘வ’ என்ற வகைக்குக் கட்டுப்பாடு விதிக்கும் இடத்தில் அதே ‘வ’ மறுபடி வருகிறதே, இந்தச் சுற்றல் எதற்கு?" என்று கேட்கிறார்.

மூத்தவர் சொன்னது சரி. இரண்டும் ஒரே வேலையைச் செய்யவில்லை. அந்த இரண்டாவது ‘வ’ இல்லாவிட்டால் உங்கள் ஃபங்ஷன் எதை உறுதிசெய்ய வேண்டுமோ அதை உறுதிசெய்யவே முடியாது. ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால், கடைசியில் மூத்தவர் எழுதிய வடிவத்தையும் எழுத மாட்டேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

போகிற போக்கில் ஒன்று: மேலே உள்ள நிரல் வாசிப்பதற்காகத் தமிழில் எழுதியது. கோ கம்பைலர் (நிரலைச் சரிபார்த்து இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) இதை ஏற்காது. பெயர்களில் யூனிகோட் எழுத்துகளும் எண்களும் மட்டுமே வரலாம் என்பது அந்த மொழியின் விதி. நம்முடைய புள்ளி, கொம்பு, துணைக்கால் எல்லாம் யூனிகோடில் ‘எழுத்து’ என்ற பிரிவில் இல்லை, ‘குறி’ என்ற பிரிவில் உள்ளன. அதனால் கோ மொழியில் ‘வ’ செல்லுபடியாகும், ‘பெரியது’ செல்லாது. பைதான் 3 இப்படிப்பட்ட பெயர்களை ஏற்கிறது. ரஸ்ட்டும் 2021இல் வந்த 1.53 பதிப்பிலிருந்து ஏற்கிறது. கோவில் இந்தக் குறை இன்னும் நீங்காதது எனக்கு உண்மையான வருத்தம்.

இனி விஷயத்துக்கு வருவோம். உங்கள் முதல் வடிவத்தை வைத்துக்கொண்டு ‘தொகை’ என்ற வகையை எழுதிப் பாருங்கள். இடைமுகத்தை நிறைவேற்ற வேண்டுமானால் தொகையின் ‘ஒப்பிடு’ மெத்தட், ஒப்பிடத்தக்கது எதுவாக இருந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் அந்த மெத்தடின் முதல் வரி "வந்திருப்பது தொகைதானா?" என்ற சோதனையாகத்தான் இருக்க முடியும். தேதி ஒன்று வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? பூஜ்யத்தைத் திருப்பி அனுப்பினால் அது பொய். பேனிக் செய்தால் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது நின்றுவிடும். தொகையும் தேதியும் கலந்த பட்டியலை உருவாக்குவதைக் கம்பைலர் தடுக்கவில்லை, தடுக்கவும் முடியாது, ஏனென்றால் நீங்கள் அதற்குச் சொன்னதே அவ்வளவுதான். இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு. தொகைகளின் பட்டியலை அப்படியே இந்த ஃபங்ஷனுக்குக் கொடுக்கக் கோ அனுமதிக்காது. ஒவ்வொரு உறுப்பாக எடுத்துப் புதிய பட்டியலில் வைக்க வேண்டும். விடையாகக் கிடைப்பதும் ‘தொகை’ அல்ல, ‘ஒப்பிடத்தக்கது’. அதை மறுபடி தொகையாக மாற்றி எடுக்க வேண்டும்.

தமிழில் ‘யாரோ ஒருவர்’ என்பதும் ‘யாராக இருந்தாலும் அவரே’ என்பதும் வேறு வேறு. இடைமுகத்தை வகையாகப் பயன்படுத்தும்போது நாம் சொல்வது முதலாவது: ஒப்பிடத் தெரிந்த ஏதோ ஒன்று வந்திருக்கிறது, அது எது என்பதை மறந்துவிட்டேன். இடைமுகத்தைக் கட்டுப்பாடாகப் பயன்படுத்தும்போது சொல்வது இரண்டாவது: எந்த வகையை வேண்டுமானாலும் கொண்டு வா, ஆனால் கொண்டுவந்த பிறகு பட்டியலிலும் அதுதான், மெத்தடின் அளவுருவிலும் அதுதான், விடையிலும் அதுதான். மூத்தவர் எழுதிய இரண்டாவது ‘வ’ இந்த ‘அவரே’தான்.

இந்த வேறுபாடு எல்லா இடைமுகங்களிலும் தலைகாட்டாது. கோவின் ரீடர் இடைமுகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படி என்று சொன்னால் படிக்கும், அவ்வளவுதான். தன்னைப் போன்ற இன்னொரு ரீடர் அதற்குத் தேவையில்லை. கோப்பா, நெட்வொர்க் இணைப்பா என்பதை மறந்துவிடுவதுதான் அங்கே பயனே. வட்டம், சதுரம், கோடு எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் வைத்து வரையும் நிரலுக்கும் அதுவே பொருந்தும். சிக்கல் வருவது ஒரு மெத்தடுக்கு அதே வகையைச் சேர்ந்த இரண்டாவது மதிப்பு தேவைப்படும்போது மட்டுமே: சமமா என்று பார்ப்பது, ஒப்பிடுவது, கூட்டுவது, இரண்டு கணங்களை இணைப்பது. நீங்கள் தற்செயலாக இந்தக் கூட்டத்தின் மிகப் பிரபலமான உறுப்பினரிடமே போய் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஜாவா இதே பள்ளத்தில் விழுந்து எழுந்த மொழி. 1998இல் வந்த ஜாவா 1.2இல் ‘கம்பேரபிள்’ என்ற இடைமுகம் இருந்தது. அதன் மெத்தட் வாங்கிக்கொண்டது ‘ஆப்ஜெக்ட்’, அதாவது எதை வேண்டுமானாலும். சரத்தை (எழுத்துத் தொடரை) எண்ணோடு ஒப்பிடச் சொன்னால் கம்பைலர் பேசாமல் இருந்தது. ஓடும்போது வகை மாற்றப் பிழை வந்து நின்றது. உங்கள் முதல் வடிவம் கிட்டத்தட்ட அதுதான். 2004இல் ஜாவா 5 ஜெனரிக்ஸை (வகையையே அளவுருவாக வாங்கும் வசதியை) கொண்டுவந்தபோது அந்த இடைமுகத்துக்கு ஒரு வகை அளவுரு கிடைத்தது. ‘வ என்பது கம்பேரபிள்[வ]வை நீட்டிக்கிறது’ என்ற எழுத்துமுறையும் அப்போதுதான் பரவலானது. அதற்கான கோட்பாடு அதற்கு முன்பே தயாராக இருந்தது: கேனிங், குக், ஹில், மிட்செல், ஓல்தாஃப் ஆகிய ஐவரும் 1989இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை, தன் வரம்புக்குள்ளேயே தானும் வரக்கூடிய வகை அளவுருவை விளக்கியது. எஃப்-வரம்புப் பல்லுருவாக்கம் என்று அதற்குப் பெயர். அதற்கும் பதினைந்து ஆண்டு முன்னால் எம்ஐடியில் பார்பரா லிஸ்கோவின் குழு உருவாக்கத் தொடங்கிய சிஎல்யு மொழி வேறொரு வழியில் இதே இடத்துக்கு வந்திருந்தது: "இந்த வகைக்கு இன்ன செயல்கள் இருக்க வேண்டும்" என்று ஃபங்ஷனின் தலைப்பிலேயே நிபந்தனை எழுதும் முறை.

ஜாவாவில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. அங்கே ‘ஆப்பிள்’ என்ற வகை ‘கம்பேரபிள்[ஆரஞ்சு]’ என்று அறிவித்தால் மொழி அதைத் தடுக்காது. கோவிலும் தடுக்காது. இடைமுகத்தின் அளவுரு எந்த வகையாகவும் இருக்கலாம். அது தன்னோடு தன்னையே ஒப்பிட வேண்டும் என்ற முடிச்சு இடைமுகத்தில் விழுவதில்லை, அதைப் பயன்படுத்தும் ஃபங்ஷனின் கட்டுப்பாட்டில்தான் விழுகிறது. உங்களுக்குச் சுற்றலாகத் தெரிந்தது அந்த முடிச்சுதான். அதை ஃபங்ஷனில் இறுக்கும்போது அளவுக்கு மேல் இறுக்கிவிடவும் கூடும். ஜாவாவில் ‘டைம்ஸ்டாம்ப்’ வகை ‘டேட்’ வகையிலிருந்து பிறந்தது. ஒப்பிடும் திறனை அது தாயிடமிருந்து பெற்றதால், அது கம்பேரபிள்[டேட்] ஆக இருக்கிறதே தவிர கம்பேரபிள்[டைம்ஸ்டாம்ப்] ஆக இல்லை. நேரடியாக எழுதிய கட்டுப்பாடு டைம்ஸ்டாம்ப் பட்டியலை விரட்டிவிடும். ஜாவா நூலகத்தின் மேக்ஸ் மெத்தடின் தலைப்பில் "வ அல்லது அதன் மூதாதை வகை எதையாவது ஒப்பிடத் தெரிந்தால் போதும்" என்ற தளர்வு இருப்பது இதற்காகத்தான். முதல் முறை பார்ப்பவரை மிரட்டும் தலைப்பு அது. ஆனால் அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் காரணம் இருக்கிறது. கோவில் இப்படிப்பட்ட பரம்பரை இல்லை, எனவே இந்தத் தொல்லையும் இல்லை.

ரஸ்ட், ஹாஸ்கெல், ஸ்விஃப்ட் மொழிகளில் வந்தவர்கள் உங்கள் கேள்வியைக் கேட்கவே மாட்டார்கள். ரஸ்ட்டின் ட்ரெய்ட்டிலும் ஸ்விஃப்ட்டின் புரோட்டோகாலிலும் (இடைமுகத்துக்கு அந்த மொழிகளில் உள்ள இணைகள்) ‘தான்’ என்ற சொல் உண்டு. ஹாஸ்கெலில் வகைக்குழுவின் அளவுருவே அந்த வேலையைச் செய்கிறது. ரஸ்ட்டில் வரிசைக்கான ட்ரெய்ட்டான ‘ஆர்ட்’, "தானும் தன் வகையைச் சேர்ந்த இன்னொன்றும்" என்று தனக்குள்ளேயே சொல்லிவிடுகிறது. ஃபங்ஷனில் ‘வ: ஆர்ட்’ என்றால் முடிந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, அதே ட்ரெய்ட்டை ‘யாரோ ஒருவர்’ என்ற பொருளில் ஒரு வகையாகப் பயன்படுத்த முயன்றால் ரஸ்ட் கம்பைலர் மறுத்துவிடும். யார் என்பதை மறந்துவிட்டால் ‘தான்’ என்ற சொல்லுக்கே பொருள் இல்லை அல்லவா? ஸ்விஃப்ட்டும் பல ஆண்டுகள், தன்னையோ தொடர்புடைய வகையையோ குறிப்பிடும் புரோட்டோகாலைக் கட்டுப்பாடாக மட்டுமே பயன்படுத்தலாம் என்று பிழைச்செய்தி காட்டிவந்தது. 2022இல் வந்த 5.7 பதிப்பில்தான் அது தளர்ந்தது. கோவில் ‘தான்’ கிடையாது. அதனால் நீங்களே ஒரு பெயர் வைத்து, நீங்களே இரண்டு இடத்தில் எழுத வேண்டியிருக்கிறது.

கோ இந்த வடிவத்துக்கு வந்து சேர்ந்த வழி நீளமானது. மொழி அறிமுகமானது 2009 நவம்பரில். அடுத்த மாதமே கோ குழுவைச் சேர்ந்த ரஸ் காக்ஸ், ஜெனரிக்ஸ் விஷயத்தில் எதைத் தேர்ந்தாலும் ஒருவர் வலி தாங்க வேண்டும் என்று எழுதினார்: அது இல்லாவிட்டால் நிரலாளர், ஒவ்வொரு வகைக்கும் தனிப் பிரதி எடுத்தால் கம்பைலர், எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு மூடினால் ஓடும் நிரல். 2018இல் வெளியான வரைவு ‘கான்ட்ராக்ட்’ என்ற தனி அமைப்பை முன்வைத்தது. அதற்கும் இடைமுகத்துக்கும் என்ன வேறுபாடு என்று பலரும் தடுமாறினார்கள். 2020இல் அதே குழுவின் இயன் லான்ஸ் டெய்லரும் ராபர்ட் கிரீஸ்மரும் கான்ட்ராக்டைக் கைவிட்டு, இருக்கும் இடைமுகத்தையே கட்டுப்பாடாகப் பயன்படுத்தலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். அதே ஆண்டில் நிரல்மொழி ஆய்வாளர் பிலிப் வாட்லர் உள்ளிட்டோருடன் சேர்ந்து அவர்கள் எழுதிய ஆய்வுக்கட்டுரை அந்த யோசனைக்கு உறுதியான அடித்தளம் தந்தது. 2022 மார்ச்சில் 1.18 பதிப்பாக அது வெளிவந்தது. ஒரு சொல்லைக் குறைத்ததற்காக நான் அந்த முடிவைப் பெரிதும் மதிக்கிறேன். அதே சமயம், ஒரே சொல்லுக்கு இரண்டு வேலை கொடுத்ததுதான் உங்கள் குழப்பத்துக்கும் காரணம்.

இன்னும் சொன்னால், கோவின் இடைமுகத்துக்கு மூன்றாவது வேலையும் சேர்ந்துவிட்டது. முழுஎண்ணுக்கு மெத்தட் கிடையாது. எனவே மூத்தவரின் ஃபங்ஷனுக்கு வெறும் எண்களின் பட்டியலைக் கொடுத்துப் பாருங்கள், கம்பைலர் மறுத்துவிடும். எண்களுக்கு இருப்பது ‘<’ என்ற குறி மட்டுமே. அதற்காகக் கோவில் இடைமுகத்துக்குள் வகைகளையே பட்டியலிடலாம்: இதுவோ, அதுவோ, அல்லது அலைக்குறி போட்டு "இதை அடிப்படையாகக் கொண்ட எதுவோ". 1.21 பதிப்பில் வந்த ‘கம்ப்’ தொகுப்பின் ‘ஆர்டர்ட்’ என்ற கட்டுப்பாடு இப்படி எண்களையும் சரங்களையும் அடுக்கி எழுதியதுதான். இந்த மாதிரி இடைமுகத்தைக் கட்டுப்பாடாக மட்டுமே பயன்படுத்தலாம், மாறிக்கு வகையாகக் கொடுக்க முடியாது. ஆக, மெத்தட் உள்ள வகைகளுக்கு ஒரு ஃபங்ஷன், ‘<’ குறி உள்ள வகைகளுக்கு இன்னொரு ஃபங்ஷன் என்று இரண்டு எழுத வேண்டிவரும். எனக்கு உறுத்தும் முதல் இடம் இது.

இரண்டாவது இடம் இன்னும் ஆழமானது, தமிழில் வேலை செய்யும் எவருக்கும் உடனே புரியும். ‘ஆர்டர்ட்’ என்ற கட்டுப்பாட்டில் சரம் இருக்கிறது. அதனால் தமிழ்ப் பெயர்ப் பட்டியலை அப்படியே வரிசைப்படுத்தலாம், கம்பைலருக்கு முழு சம்மதம். விடை தவறாக வரும். கோ சரங்களை பைட் பைட்டாக ஒப்பிடுகிறது. அது யூனிகோட் எண்வரிசையோடு ஒத்துப்போகும். நம் அகரவரிசையோ ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று முடிகிறது. யூனிகோடில் ன என்பது ந-வுக்கு அடுத்து, ப-வுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. ள-வுக்குப் பிறகுதான் ழ வருகிறது. அதனால் ‘பள்ளம்’ முன்னால் போய் ‘பழம்’ பின்னால் நிற்கும். ‘பனி’ ‘பல்’லுக்கு முன்னால் வந்துவிடும். புள்ளிக்கான எண், உயிர்மெய்க் குறிகளின் எண்களைவிடப் பெரியது என்பதால் மெய்யெழுத்தும் இடம் மாறிவிடும். நான் பராமரித்த ஒரு மென்பொருளில் பயனர் பெயர்கள் இப்படித்தான் பல மாதம் தவறான வரிசையில் அச்சாகிக்கொண்டிருந்தன. எந்தச் சோதனையும் அதைப் பிடிக்கவில்லை, ஏனென்றால் சோதனைகளில் இருந்தவை எல்லாம் ஆங்கிலப் பெயர்கள்.

கட்டுப்பாடு ஒரு வகையிடம் "உனக்கு ஒரு வரிசை உண்டா?" என்று கேட்கிறது. உண்மையில் பெரும்பாலான வகைகளுக்கு ஒரே ஒரு வரிசை கிடையாது. ஒரே ஊழியர் பட்டியல் இன்று பெயரால், நாளை சேர்ந்த தேதியால், அடுத்த நாள் சம்பளத்தால் அடுக்கப்படும். ஹாஸ்கெலில் ஒரு வகைக்கு ஒரு வரிசைதான் என்பது விதி. தலைகீழ் வரிசை வேண்டும் என்றால் மதிப்பைச் சுற்றி ‘டவுன்’ என்ற உறை போட வேண்டும். ரஸ்ட்டில் அதற்கு ‘ரிவர்ஸ்’. அந்த விதியால் ஒரு பெரிய நன்மை உண்டு: ஒரு வரிசையில் அடுக்கிய கணத்தை வேறொரு வரிசையில் அடுக்கியதோடு தவறுதலாக இணைக்கவே முடியாது. ஆனால் அன்றாட வேலையில் வரிசை என்பது மதிப்பின் குணம் அல்ல, கேட்பவரின் தேவை. தேவையை அளவுருவாகக் கொடுப்பதே நேர்மையான வடிவம்:

ஃபங்ஷன் பெரியது[வ எதுவும்](பட்டியல் []வ, ஒப்பிடு ஃபங்ஷன்(வ, வ) முழுஎண்) வ

பாருங்கள், கட்டுப்பாடு ‘எதுவும்’ என்று கரைந்துவிட்டது. ‘அவரே’ என்ற உறுதி மட்டும் அப்படியே இருக்கிறது: பட்டியலிலும், ஒப்பிடும் ஃபங்ஷனின் இரண்டு அளவுருக்களிலும், விடையிலும் அதே ‘வ’. எண்களுக்கும் பொருந்தும், மெத்தட் உள்ள வகைகளுக்கும் பொருந்தும், தமிழ் அகரவரிசை அறிந்த ஒப்பீட்டுக்கும் பொருந்தும்.

அப்படியானால் கட்டுப்பாடே வேண்டாமா? வேண்டும். அது இரண்டு பக்கமும் கட்டும் ஒப்பந்தம். உள்ளே எழுதுபவர் சொன்னதற்கு மேல் எதையும் பயன்படுத்த முடியாது, வெளியே அழைப்பவர் சொன்னதில் எதையும் குறைக்க முடியாது. சி++ மொழியில் ஜெனரிக்ஸ் வேலையைச் செய்யும் டெம்ப்ளேட்டில் இந்த ஒப்பந்தம் நெடுங்காலம் இல்லை. அதனால்தான் ஒரு சிறிய தவறுக்கும் நூலகத்தின் அடிவயிற்றிலிருந்து பக்கம் பக்கமாகப் பிழைச்செய்தி வந்தது. 2009இல் சி++ தரநிர்ணயக் குழுவின் பிராங்பர்ட் கூட்டத்தில் கைவிடப்பட்ட ‘கான்செப்ட்’ என்ற கட்டுப்பாட்டு யோசனை, எளிமையாக்கப்பட்டு சி++20இல் வந்தது. ஆனால் அங்கே அழைப்பவர் பக்கம் மட்டுமே சோதிக்கப்படுகிறது. டெம்ப்ளேட்டின் உடல், அறிவித்த நிபந்தனைக்கு உட்பட்டுத்தான் நடக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. கோ, ரஸ்ட், ஜாவா மூன்றும் இரு பக்கமும் பார்க்கின்றன.

ஒப்பந்தத்தால் சொல்ல முடியாதவையும் உண்டு. அ-வைவிட ஆ பெரியது, ஆ-வைவிட இ பெரியது என்றால் அ-வைவிட இ பெரியதாக இருக்க வேண்டும் என்பதை இந்த மொழிகளின் எந்தக் கம்பைலரும் சரிபார்ப்பதில்லை. பதின்மப் புள்ளி எண்களில் ‘எண் அல்ல’ என்ற மதிப்பு எதனோடு ஒப்பிட்டாலும் பெரியதும் இல்லை, சிறியதும் இல்லை, தனக்கே சமமும் இல்லை. ரஸ்ட் இதை மதித்து, அந்த எண்களுக்கு ‘ஆர்ட்’ என்ற ட்ரெய்ட்டைக் கொடுக்க மறுக்கிறது. கோ அவற்றை ‘ஆர்டர்ட்’ கட்டுப்பாட்டில் சேர்த்துக்கொண்டு, தன் ஒப்பீட்டு ஃபங்ஷனில் ‘எண் அல்ல’ என்பதை எல்லாவற்றையும்விடச் சிறியதாக வைக்கிறது. எனக்கு ரஸ்ட்டின் பிடிவாதம் பிடிக்கும், ஆனால் வெப்பநிலைப் பட்டியலை அடுக்க வந்தவர் அதைக் கண்டு எரிச்சலடைவதும் நியாயமே. கோவின் ‘கம்பேரபிள்’ கட்டுப்பாடும் (‘==’ குறிக்கானது, உங்களுடையது அல்ல) இப்படி ஒரு சமரசம் செய்தது. 1.18இல் ‘எதுவும்’ என்ற வகை அதை நிறைவேற்றவில்லை, ஏனென்றால் உள்ளே பட்டியல் இருந்தால் ‘==’ பேனிக் ஆகும். நடைமுறையில் அது பலருக்கு இடைஞ்சலானதால் 2023இல் வந்த 1.20இல் தளர்த்தினார்கள்.

நீங்கள் அடுத்து எப்போதும் வரிசையிலேயே இருக்கும் பட்டியல் வகை ஒன்றை எழுதப்போவீர்கள் என்று ஊகிக்கிறேன். அங்கே கட்டுப்பாட்டை எங்கே வைப்பது என்ற கேள்வி வரும். ரஸ்ட்டின் ஹேஷ்மேப் (சாவியைக் கொடுத்து மதிப்பை எடுக்கும் அமைப்பு) வகையின் அறிவிப்பில் சாவிக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. சாவியைத் தேடும், சேர்க்கும் மெத்தட்களில்தான் இருக்கிறது. சும்மா எண்ணிக்கை கேட்பவர் அதைச் சுமக்க வேண்டியதில்லை. கோவில் மெத்தட் தனக்கெனக் கூடுதல் நிபந்தனை போட முடியாது, வகையில் எழுதியதுதான். எனவே அங்கேயும் ஒப்பிடும் ஃபங்ஷனை வகைக்குள் ஒரு புலமாக வைத்துக்கொள்வதையே நான் விரும்புகிறேன். அதற்கு விலை உண்டு: வெறும் மாறியை அறிவித்துவிட்டு உடனே பயன்படுத்த முடியாது, உருவாக்கும் ஃபங்ஷன் ஒன்று கட்டாயம் வேண்டும்.

வேகத்துக்காக மட்டும் ஜெனரிக்ஸைத் தேட வேண்டாம். கோ கம்பைலர், சுட்டி வகைகள் அனைத்துக்கும் ஒரே இயந்திர நிரலைப் பகிர்ந்து, மெத்தட் எங்கே இருக்கிறது என்பதை ஓர் அகராதியைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறது. ரஸ்ட் செய்வது போல ஒவ்வொரு வகைக்கும் தனிப் பிரதி என்று எண்ணிக்கொண்டால் அளந்து பார்க்கும்போது ஏமாற்றமாக இருக்கும்.

கடைசியாக, உங்கள் ஃபங்ஷனை நீங்கள் எழுதவே வேண்டாம். 1.21இலிருந்து ‘ஸ்லைசஸ்’ தொகுப்பில் ‘மேக்ஸ்ஃபங்க்’ இருக்கிறது. நான் மேலே எழுதிய வடிவம்தான் அது. தேதிகளுக்கு, ‘டைம்’ வகையில் 1.20இல் சேர்ந்த ‘கம்பேர்’ மெத்தடையே ஒப்பிடும் ஃபங்ஷனாக எடுத்துக் கொடுத்துவிடலாம், இடையில் எதுவும் தேவையில்லை. பெரிய முழுஎண் வகையில் அந்த மெத்தடின் பெயர் ‘கம்ப்’ என்று சுருங்கியிருக்கிறது. ‘கம்பேர்’ என்ற பெயரில் மெத்தட் கேட்கும் கட்டுப்பாட்டை வைத்திருந்தால் அதை உள்ளேவிட முடியாமல் நின்றிருப்பீர்கள். ஃபங்ஷனாகக் கொடுக்கும்போது பெயர் ஒரு பொருட்டே இல்லை. ஒன்றை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்: பட்டியல் காலியாக இருந்தால் அது பேனிக் ஆகும். அழைப்பதற்கு முன் நீளத்தைச் சரிபார்த்துவிடுங்கள்.